வாரியல் பட்டியலில் இல்லை

மதிப்பீட்டுக்கு முந்தின நாள் சாயங்காலமே சாலமோன் சார் சொன்னார்.

"டீச்சர், அந்தப் பதினொரு தெக்கத்திப் பசங்கள நாளைக்கு லீவு போடச் சொல்லிடலாமா? அவங்க அப்பா அம்மாவாண்ட நான் பேசிக்கிறேன்."

"எதுக்கு?"

"இன்னா டீச்சர், தெரியாத மாதிரி கேக்குறீங்க? போன மாசம் வந்ததுங்க. வாயே தொறக்க மாட்டேங்குதுங்க. நம்ம வளர்த்த பசங்கல்லாம் கம்பெனி காண்ட்ராக்ட் முடிஞ்சி ஊரைக் காலி பண்ணிட்டுப் போயிடுச்சிங்க. இப்ப வந்ததுங்கள வெச்சி நமக்கு மார்க் போட்டா அறுபது தாண்டுமா?"

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. மண்ணூருக்கு அப்பால் இருக்கும் அந்தத் தொடக்கப் பள்ளியில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். நூற்றுக்கு அறுபது வராத பள்ளிகளைப் பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள பள்ளியோடு சேர்த்துவிடப் போவதாகச் சுற்றறிக்கை வந்திருந்தது. கண்டெய்னர் லாரிகள் இடைவெளி விடாமல் ஓடும் சாலை அது. பெரியவர்களே ஓடித்தான் கடப்பார்கள்.

தலைமையாசிரியை லிடியா, "எல்லாரும் வரட்டும் சார்" என்றாள்.

அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி சுகப்பிரியா. மூன்றாம் வகுப்பு. வந்த முதல் வாரத்தில், கரும்பலகைக்குக் கீழே கிடந்த துடைப்பத்தைக் காட்டி, "டீச்சர், அந்த வாரியல எடுக்கட்டா?" என்று கேட்டாள். உடனே முன் வரிசையிலிருந்து ஜூலி, "வாரியமா? கரண்டு வாரியமா?" என்றாள். வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு சுகப்பிரியா பேசவில்லை. பாடத்தை எழுதினாள், கணக்குப் போட்டாள், பெயர் கூப்பிட்டால் எழுந்து நின்றாள். வாய் மட்டும் திறக்கவில்லை. மூன்று வாரம்.

லிடியாதான் அவளை மதிய உணவுக்குப் பிறகு தனியாக உட்கார வைத்து, "உங்க வீட்ல எப்படிச் சொல்லுவீங்களோ அப்படியே சொல்லு. யார் சிரிச்சாலும் நான் பாத்துக்கிறேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒரு நாள் அந்தப் பெண் பாடப் புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கம் முழுக்க, தடுக்காமல் வாசித்துக் காட்டினாள்.

மறுநாள் காலை மதிப்பீட்டாளர் வந்தாள். பெயர் செல்வலட்சுமி. கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லட். இருபத்துமூன்று வயதுக்கு மேல் இருக்காது. ஒவ்வொரு பிள்ளையாக அழைத்து ஐந்து படங்களைக் காட்டினாள். பெயர் சொல்ல வேண்டும். மூன்று தவறினால் தேர்வு தானாக முடிந்துவிடும். இல்லாவிட்டால் வாசிப்புப் பத்தி திறக்கும்.

சுகப்பிரியா முன்னால் போய் நின்றாள். லிடியாவைத் திரும்பிப் பார்த்தாள். லிடியா தலையசைத்தாள்.

முதல் படம் துடைப்பம். "வாரியல்" என்றாள், வகுப்பின் கடைசி வரை கேட்கும்படி.

இரண்டாவது, தேங்காய் ஓடு. "சிரட்டை."

மூன்றாவது, சிவப்பாக உலர்ந்த மிளகாய். "வத்தல்."

திரை சாம்பல் நிறமானது. 'தொடக்க நிலை. சொல் அறியாதவர்.'

"நீ போலாம்மா" என்றாள் செல்வலட்சுமி.

"இருங்க" என்றாள் லிடியா. "அந்தப் பொண்ணு நல்லா வாசிக்கும். பத்தியக் காட்டுங்க."

"திறக்காது மேடம். மூணு தப்பாயிடுச்சு."

"என்ன தப்பு?"

"பட்டியல்ல இல்ல மேடம்." டேப்லட்டைத் திருப்பிக் காட்டினாள். ஏற்கத்தக்க விடைகள்: துடைப்பம், தொடப்பம், விளக்குமாறு. கொட்டாங்குச்சி, கொட்டாங்கச்சி. மிளகாய், மொளகா. இன்னும் கீழே, வீட்டுப் படத்துக்கு: வீடு, வூடு.

"வூடு சரி. வாரியல் தப்பு" என்றாள் லிடியா.

லிடியா சுகப்பிரியாவின் கையில் பாடப் புத்தகத்தைக் கொடுத்தாள். நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து, படி என்றாள். சுகப்பிரியா படித்தாள். பக்கம் முடிந்ததும் அடுத்த பக்கத்தையும் தானே திருப்பிப் படித்தாள்.

"நல்லா வாசிக்கா மேடம்" என்று செல்வலட்சுமிக்கு வாய் தவறித் தெக்கத்திப் பேச்சு வந்துவிட்டது.

"உனக்கு எந்த ஊரும்மா?" என்று கேட்டாள் லிடியா.

"வள்ளியூர் பக்கம்."

"உங்க வீட்ல கூட்டுறதுக்கு என்ன சொல்வீங்க?"

செல்வலட்சுமி டேப்லட்டையே பார்த்துக்கொண்டு மெதுவாக, "வாரியல்தான். ஆனா நான் மாத்திப் போட்டா குரல் பதிவ வச்சுக் கண்டுபிடிச்சிருவாங்க மேடம். வேலை போயிரும்" என்றாள்.

அவள் மேல் கோபப்பட முடியவில்லை. அதனால் கோபம் போக்கிடமில்லாமல் லிடியாவின் மேலேயே திரும்பியது. வீட்டில் சொல்வது போலவே சொல் என்றவள் அவள்தான். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை அந்தப் பிள்ளை பயந்துபோய், பக்கத்துப் பிள்ளைகளைக் கேட்டுச் சரியான சொல்லைக் கற்றிருக்கும்.

சரியான சொல். அப்படி நினைத்ததும் அவளுக்கு இன்னும் எரிந்தது.

மூன்றே முக்காலுக்கு முடிவு வந்தது. ஐம்பத்திரண்டு. பதினொரு பேரில் ஏழு பேருக்குப் பத்தியே திறக்கவில்லை.

திரையில் இரண்டு கட்டங்கள். 'ஏற்கிறேன்', 'ஏற்கவில்லை'.

"ஏத்துக்கங்க டீச்சர்" என்றார் சாலமோன். "மேல போய் ஆபீசர் கால்ல கையில விழுந்தாவது எதுனா பண்ணலாம். ஏத்துக்கலன்னா அடுத்த மாசம் மொத்த ஸ்கூலுக்கும் மறுபடி டெஸ்ட். அதுலயும் போச்சின்னா அப்பீலே கெடையாது. நேத்தே சொன்னேன், கேட்டீங்களா?"

முதல் ஷிப்ட் முடிந்து, சீருடையோடு பிள்ளையை அழைத்துப்போக வந்திருந்த மாரிசெல்வி, சுகப்பிரியாவின் அம்மா, வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எம்புள்ளையாலயா டீச்சர் பள்ளிக்கூடத்த மூடப்போறாவ?"

மாரிசெல்வி உள்ளே வந்து பிள்ளையின் பக்கத்தில் நின்றாள்.

"தெரியாம சொல்லிட்டா டீச்சர். வீட்டுல நான் அப்படித்தான் சொல்லுதேன். இனிமே சொல்ல மாட்டேன். இந்த ஊர்ல எப்படியோ அப்படியே சொல்லிக்குடுக்கேன்." பிள்ளையின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏட்டி, டீச்சர்ட்ட மன்னிப்பு கேளு."

லிடியா டேப்லட்டை வாங்கி 'ஏற்கவில்லை' என்பதை அழுத்தினாள்.

"டீச்சர்!" என்றார் சாலமோன்.

திரை காரணம் கேட்டது. நூறு எழுத்துக்குள். லிடியா தட்டினாள்: 'குழந்தை தெரியாமல் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் தெரியவில்லை.'

"இதையேவா மேடம் அனுப்ப?" என்றாள் செல்வலட்சுமி.

"அனுப்பு."

அனுப்பிவிட்டுச் செல்வலட்சுமி பையை மாட்டிக்கொண்டாள். யாரையும் பார்க்காமல், "வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மாரிசெல்விக்கு நடந்தது முழுதாக விளங்கவில்லை. "அப்ப அடுத்த மாசம் திரும்ப வந்து கேட்டா இவ என்னத்த சொல்லணும் டீச்சர்?"

சாலமோன் லிடியாவைப் பார்த்தார். முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் அந்தச் சாலையும் அந்தப் பார்வையில் இருந்தன.

"அவங்க சொல்றதும் தெரியட்டும். இவ சொல்றதும் தப்பு இல்ல. ரெண்டையும் சொல்லட்டும்" என்றாள் லிடியா. "என்ன சுகப்பிரியா, சொல்லுவல்ல?"

சுகப்பிரியா அம்மாவின் சீருடைச் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லிடியா காத்திருந்தாள். சாலையில் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. அந்தப் பெண் தலையைக்கூட அசைக்கவில்லை.