வெயிலில் காய்ந்த டப்பாக்கள்

யுத்தம் முடிந்ததும் பட்டாளத்து மீன் டப்பாக்கள் ஏலத்துக்கு வந்தன. கருவாட்டு வியாபாரி வன்னியபெருமாள் ஏலம் எடுத்தார். கிடங்கில் ஓதம் ஏறி டப்பாக்கள் துருப்பிடிக்கத் தொடங்கின. கருவாடு ஈரம் கோத்தால் என்ன செய்வாரோ அதையே செய்தார். கடற்கரை மணலில் ஓலைப்பாய் விரித்து, சித்திரை வெயிலில் டப்பாக்களைப் பரப்பினார். அவ்வப்போது புரட்டியும் போட்டார்.

சில நாளில் டப்பாக்கள் இருபுறமும் உப்பின. உள்ளே மீன் நன்றாக ஊறிப் பருத்திருக்கிறது என்று நினைத்தார். மகள் முத்துக்கனி நிறைமாதம். நாக்குக்கு எதுவும் பிடிக்கவில்லை என்றாள். நன்றாக உப்பியதில் இரண்டைப் பொறுக்கிக் கொடுத்தார். அன்று காலையில்தான் மில்லர்புரத்தில் இருக்கும் தன் வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

உச்சிவேளையில் சுகாதார இன்ஸ்பெக்டர் ஜேசுபாதம் சேவகனோடு வந்தார். ஒரு டப்பாவைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். அத்தனையும் உள்ளே அழுகி நாறும் கெட்ட சரக்கு, சட்டப்படி பறிமுதல் என்றார்.

"இதுல ஏதும் வெளிய போயிருக்கா அண்ணாச்சி?"

போயிருந்தால் வழக்கு. நட்டம் சரக்கோடு போகட்டும் என்று வன்னியபெருமாள் நினைத்தார்.

"ஒண்ணுகூடப் போவல. நாத்தத்தப் பத்தி எங்கிட்டயா சொல்லுதிய? ஒண்ணத் தொறங்க, இங்கனயே திங்கேன்."

சேவகன் கத்தியைக் குத்தினான். சீறிக்கொண்டு சாம்பல்நிற நுரை பீய்ச்சியது. வன்னியபெருமாளின் வெறும் மார்பில், உதட்டில் தெறித்தது. உள்ளே மீன் சளியாகக் கரைந்து கறுப்பு எண்ணெயில் குமிழியிட்டது. கருவாட்டிலேயே பிறந்து வளர்ந்தவருக்கும் அந்த நாற்றம் புதிது. அதில் ஓர் இனிப்பு இருந்தது. குனிந்து வாந்தியெடுத்தார்.

"திங்கலியா அண்ணாச்சி?" என்றான் சேவகன், மூக்கைப் பொத்திக்கொண்டு.

குழி வெட்டி, டப்பாக்களைக் குத்திப் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றச் சொன்னார் ஜேசுபாதம். வெளியே போகாததால் வழக்கில்லை, தப்பித்தீர் என்று சைக்கிளை எடுத்தார். வன்னியபெருமாள் வாயைக் கொப்பளித்தார். இனிப்பு போகவில்லை. முத்துக்கனி சோற்றுக்கு உட்காரும் நேரம்.

ஓடிப்போய் சைக்கிளைப் பிடித்தார்.

"ரெண்டு போயிருக்கு ஐயா. எம் மவ வீட்டுக்கு. அவ பிள்ளத்தாச்சி."

ஜேசுபாதம் அவரை ஒருமுறை பார்த்தார். "ஏறும்" என்று கேரியரைக் காட்டினார்.

மார்பில் நுரை காய்ந்து தோலை இழுத்தது. வழி நெடுக ஜேசுபாதம் முகத்தைக் காற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டே மிதித்தார். முத்துக்கனியின் தெருவில் திரும்பியபோது அந்த இனிப்பு நாற்றம் அடித்தது. தன் உடம்பிலிருந்து வருகிறதா, அவள் வீட்டிலிருந்து வருகிறதா என்று வன்னியபெருமாளுக்குத் தெரியவில்லை.