குதிரையின் காலடியில் அறுவர்

2019ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, வசந்த பஞ்சமி. அன்று கண்டதைப் பற்றி இந்த இதழின் வாசகர்களிடம் என் முறையீடு இதுதான்: ஜேத்கட் அரசர்களை எரித்த குளக்கரையில் நிற்கும் நினைவு மண்டபங்களுள், மன்னர் மகாராவல் உதய்கரணின் மண்டபத்துக்கென எழுதப்பட்டுள்ள புதிய பலகை, அவருடைய சிதையில் உயிரோடு எரிந்த ஒன்பது பெண்களுள் மூவரை மட்டுமே சொல்கிறது. எஞ்சிய அறுவரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அந்த அறுவருள் ஒருத்தி எங்கள் வீட்டுப் பெண். பெயர் பேமி.

பலகையில் பதினொரு வரிகள், ஒன்பது பிழைகள். முப்பத்திரண்டு ஆண்டுகள் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்திய கை சும்மா இருக்கவில்லைதான். ஆனால் ஏழாம் வரியைப் படித்தபின் பிழைகளை மறந்தேன். "மூன்று அரசியரும் மனமுவந்து மன்னரைத் தொடர்ந்தனர்" என்று இருந்தது. மனமுவந்தார்களா என்று அவர்களைக் கேட்டவர் யார்?

ஆண்டுதோறும் வசந்த பஞ்சமியன்று நானும் என் தமக்கை சாயர் பாயியும் அங்கே செல்வோம். தமக்கைக்கு எழுபத்து நான்கு வயது. மண்டபத்தின் நடுவே மார்பளவு உயரத்தில் ஒரு வெள்ளைக் கல் நிற்கிறது. மேலே குதிரைமீது மன்னர். அவர் எதிரே கைகூப்பிய மூன்று அரசியர். குதிரையின் காலடியில், கட்டைவிரல் உயரத்துக்கு ஆறு பெண்கள். வலப்புறக் கடைசி உருவம் பேமி என்பது எங்கள் குடும்ப வழக்கு. இரண்டாம் அரசிக்குப் பெட்டிகளோடும் ஒட்டகங்களோடும் சீதனமாக அனுப்பப்பட்டவள் அவள்; எரிந்தபோது வயது பதினான்கு. கூட வந்த அவள் அண்ணனின் வழியில் பிறந்தவர்கள் நாங்கள். சிந்தூரத்தை எண்ணெயில் குழைத்து அவள்மேல் பூசி, வெள்ளித்தாள் ஒட்டி, நெய்விளக்கு ஏற்றுவது எங்கள் கடன். ஏழு தலைமுறையாகப் பூசியதில் கல்லின் அடிப்பாகம் முழுவதும் இரண்டு விரல் தடிப்புக்குச் செம்மேடாகிவிட்டது. முகம் தெரியாது, எழுத்தும் தெரியாது. ஆனால் அதன் அடியில் அவள் பெயர் செதுக்கப்பட்டிருக்கிறது என்று என் கொள்ளுப்பாட்டனார் சொன்னாராம். அதை நாங்கள் ஐயுற்றதே இல்லை.

இவ்வாண்டு படியேறும்போதே ஏசத் தொடங்கினேன். தூண்களின் அடியில் பொளித்த தாமரைகள்மேல் குட்காத் துப்பல். மேல்விதானத்தில் புறா எச்சம். ஒரு தூணில் சாவியால் கீறிய இதயமும் அதனுள் இருவர் பெயரும். மண்டபத்துக்குள்ளே, சிதை எரிந்த அதே தரையில், கல்யாணத்துக்கு முன்பே படம் எடுத்துக்கொள்ள வந்த ஒரு ஜோடி. ஊதா நிறப் புகையைக் கொளுத்திவிட்டு, புகைப்படக்காரன் அந்தப் பெண்ணுக்குக் கட்டளையிட்டுக்கொண்டிருந்தான்.

"மேடம், அந்தக் கல்லுல சாஞ்சு படுத்துக்கங்க. கண்ண மூடுங்க. சாருக்காக உயிரையே குடுக்கற மாதிரி ஒரு லுக்கு. சூப்பர்!"

"எந்திரிடி பொண்ணே," என்றாள் தமக்கை. "தாலி ஏறறதுக்கு முந்தியே பொண வேஷமா?"

"மாதாஜி, ரெண்டே நிமிஷம். ஃப்ரேம்ல நிக்காதீங்க."

"எங்க வீட்டுப் பொண்ணு இருநூறு வருஷமா உன் ஃப்ரேம்லதான் நிக்கிறா. அவளையும் தள்ளி நிக்கச் சொல்லு பாப்போம்."

மணப்பெண் எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள். முதுகில் எங்கள் சிந்தூரம் அப்பியிருப்பதைப் பார்த்து, "ஐயோ, வாடகை லெஹங்கா!" என்று அலறினாள்.

அந்த அலறலைக் கேட்டு வந்தவர் நாஹர் சிங். மண்டபங்களைப் பராமரிக்கும் குழுவின் செயலாளர். அரண்மனைக்குத் தூரத்து உறவு என்பதால் மரியாதையாக 'ஹுகும்' என்றே அழைப்போம். முறுக்கிய மீசையும் கசங்காத தலைப்பாகையுமாக இருப்பார். எங்களைக் கண்டதும் கைகூப்பினார்.

"பாயிசா, மாஸ்டர்ஜி, பஞ்சமிக்கு வந்துட்டீங்களா? வாங்க, வாங்க."

நான் நேராகப் பலகைக்கு வந்தேன். "ஹுகும், எரிஞ்சது ஒன்பது பேர். மூணு பேரைத்தான் எழுதியிருக்கீங்க. பாக்கி ஆறு பேர் எங்கே?"

"அது சும்மா தற்காலிகப் பலகை மாஸ்டர்ஜி. புதன்கிழமை பளிங்குல பொளிக்கக் குடுக்கறோம்."

"அப்போ அதுக்குள்ள பேமியோட பேரைச் சேருங்க."

"நானா மாட்டேங்கறேன்? கல்லுல என்ன இருக்கோ அதத்தான் பலகையில போட முடியும். கல்லுல பேரு இருக்கா? காட்டுங்க. இன்னிக்கே சேத்துடறேன்." பிறகு செம்மேட்டைப் பார்த்துச் சிரித்தார். "பேரு எங்க இருக்கும்? நீங்கதான் அல்வா மாதிரி அப்பி வச்சிருக்கீங்களே. நியாயமா பாத்தா இதுவே சட்டப்படிக் குத்தம், தெரியுமா? உடன்கட்டைல எரிஞ்சவங்களக் கும்பிடக் கூடாது."

"கும்பிடறது குத்தம், மனமுவந்து எரிஞ்சாங்கன்னு பலகை வைக்கறது குத்தமில்லையா ஹுகும்?"

அவர் மீசையைத் தடவிக்கொண்டார். "பேரக் காட்டுங்க மாஸ்டர்ஜி. பேச்சு வேணாம்."

பூச்சைச் சுரண்டாமல் பெயரைக் காட்ட வழியில்லை. ஆனால் பூச்சு தானாக உதிரவேண்டும். மனிதக் கை பட்டு உதிர்ந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பது எங்களவர் நம்பிக்கை. நான் தமக்கையைப் பார்த்தேன். அவள் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பீரா, தம்பி," என்றாள் மெதுவாக, "பேரு வெளிய வந்தா அந்தப் பாவம் எம்மேலயே விழட்டும். எனக்கு இன்னும் எத்தன வருஷம்?"

நெய் எடுத்துவந்த எவர்சில்வர்க் கரண்டியை எடுத்து அவளே சுரண்டத் தொடங்கினாள்.

பட்டை பட்டையாக வந்தது. சிவப்பு, அதன்கீழ் வெள்ளித்தாள், மறுபடியும் சிவப்பு, அதன்கீழ் கறுத்து இறுகிய எண்ணெய். செத்த எறும்புகளும், பழைய அரிசிமணிகளும், யாருடையதோ நீண்ட மயிரும் அதில் ஒட்டியிருந்தன. கெட்டுப்போன எண்ணெயின் நாற்றம் மூக்கில் ஏறியது. புகைப்படக்காரன் தன் புகையை மறந்து இதைப் படம் எடுத்தான். ஒரு மணி நேரத்தில் ஆறு உருவங்களும் வெளிப்பட்டன. ஆறும் ஒன்றே போல இருந்தன. தனி முகம் எதற்கும் இல்லை. அவற்றின்கீழ் இரண்டு வரி எழுத்து. நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தேன்.

முதல் வரியில் மூன்று அரசியரின் பெயர்கள், தந்தையர் பெயர்கள், பிறந்த ஊர்கள். இரண்டாம் வரியில் மன்னர் ஏறிய குதிரையின் பெயர்: மோதிலால். அதன்பின் இரண்டே சொற்கள்.

பணிப்பெண் ஆறு.

குதிரை எரிக்கப்படவில்லை. அது லாயத்தில் கொள்ளு தின்றுகொண்டிருந்திருக்கும். அதற்குப் பெயர் இருந்தது. பதினான்கு வயதுப் பெண்ணுக்கு ஓர் எண்ணில் ஆறில் ஒரு பங்கு.

நாஹர் சிங் குனிந்து படித்தார். அவர் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? பேரு இல்ல. நான் என்ன பண்ணட்டும்?" நிமிர்ந்தவர் மறுபடியும் குனிந்தார். "ஆனா இந்தக் குதிரை பேரு பிரமாதம்! இதுவரைக்கும் யாருக்குமே தெரியாது. பளிங்குல சேத்துடலாம். டூரிஸ்ட்டுக்கு ரொம்பப் பிடிக்கும். ரொம்ப நன்றி பாயிசா."

 

தமக்கை கரண்டியைக் கீழே வைத்தாள். விரல் நகங்களில் சிந்தூரம் ஏறியிருந்தது. "நன்றி இருக்கட்டும். 'மனமுவந்து'ன்னு எழுதினீங்களே, ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க," என்றாள். "பேமி ஓடினா. மடப்பள்ளிப் பின்வாசல் வழியா ஓடினா. இந்தக் குளத்து மதகுல பிடிச்சாங்க. அபினியக் கரைச்சு வாயில ஊத்தித் தூக்கிட்டு வந்தாங்க. தூக்கினவங்கள்ல ஒருத்தன் அவ கூடப்பிறந்த அண்ணன்."

நான் திகைத்தேன். "ஜீஜீ, இது எனக்குத் தெரியாதே!"

"உனக்கு எப்படித் தெரியும்? இது பொம்பளைங்க பேச்சு. ஆம்பளைங்க காதுல போடக்கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கிட்டா. அந்த அண்ணனுக்கு அதுக்காகக் குடுத்த நெலத்துலதானே நீங்க எல்லாரும் சாப்பிட்டீங்க, படிச்சீங்க?"

அந்த நிலத்தின் விளைச்சலில்தான் நான் ஆசிரியர் பயிற்சி முடித்தேன். திருமணமான மறுநாள் என் மனைவியை இக்கல்லின்முன் விழச்செய்து, "இவளைப் போல் இரு" என்று வாழ்த்தியவனும் நானே. துப்பியவனையும் கீறியவனையும் படம் எடுத்தவனையும் படியேறியதுமுதல் மனத்துக்குள் ஏசிக்கொண்டிருந்தேன். அவர்கள் கல்லின் மேற்புறத்தைத்தான் அழுக்காக்கினர். ஒரு கொலையை வெள்ளித்தாள் ஒட்டி மூடிவைத்தவர்கள் நாங்கள். அதை ஏழு தலைமுறை பக்தி என்று அழைத்தவர்களும் நாங்கள்.

மறுநாள் குழுவின் அலுவலகத்துக்கு எழுத்துமூலமான மனுவோடு சென்றேன். பேமி ஓடியதையும் பிடிக்கப்பட்டதையும், பிடித்தவன் எங்கள் முன்னோன் என்பதையும் மறைக்காமல் எழுதியிருந்தேன். நாஹர் சிங் தேநீர் வரவழைத்தார்.

"மாஸ்டர்ஜி, ஒரு வீட்டு அடுப்படிக் கதைய நம்பிப் பளிங்குல பொளிக்க முடியுமா? நாளைக்கு இன்னொருத்தர் வந்து இன்னொரு கதை சொல்வாரு." தேநீரை ஊதிக் குடித்துவிட்டுச் சொன்னார்: "சரி, உங்க வயசுக்கு மரியாதை. அரசிகளையும் குதிரையையும் புதன்கிழமை பொளிச்சுடறோம். அடியில நாலு வரிக்கு எடம் விடச் சொல்றேன். ஹோலிக்குள்ள ஆறு பேரோட பேரும் கொண்டுவாங்க, ஆறு வீட்டுக் கையெழுத்தோட. கமிட்டியில வைக்கறேன். அஞ்சு இருந்தாக்கூட வைக்கமாட்டேன்." முடியாது என்று நினைத்துத்தான் அவர் சிரித்தார். நான் அவரிடம் அதையே எழுதி வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஜேத்கட் அரண்மனையின் பணிக்குடிகளாக இருந்த நம் வீடுகள் இன்று நாகோர் முதல் மும்பைவரை சிதறிக் கிடக்கின்றன. இந்த இதழ் அவ்வீடுகளுக்கெல்லாம் வருகிறது. ஆகவே இதைப் படிக்கும் உங்களிடம் நேராகச் சொல்கிறேன். உங்கள் வீட்டு ஆண்களிடம் கேட்கவேண்டா, அவர்களுக்குத் தெரியாது. உங்கள் தாயிடம், அத்தையிடம், விதவையாகிப் பின்கட்டில் இருக்கும் பெரியம்மாவிடம் இன்றே சென்று கேளுங்கள். அவர்கள் தயங்கினால், பேமியின் கதை வெளியே வந்துவிட்டது என்று சொல்லுங்கள். இதை எழுதும் இன்று, ஹோலிக்கு முப்பத்தெட்டு நாள்கள் இருக்கின்றன. ஐந்து பெயர்கள் வேண்டும். உங்கள் வீட்டுப் பெண்ணின் பெயரை எழுதிக் கையொப்பமிட்டு எனக்கு அனுப்புங்கள்.