ஜாஹிதா கரை சேர்த்த கப்பல்

கோயமுத்தூர் கோட்டைமேட்டில் ஜாஹிதா நடத்திய வீடியோ கேம் கடையின் மெஷினுக்கு, ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் மெமரி கார்டு கிடையாது. ஆட்டத்தை எங்கே விட்டோம் என்பதை அவள் அதன் முன்னால் உட்கார்ந்து வாயால் சொன்னால், மெஷின் கேட்டுக்கொண்டு அங்கிருந்து தொடங்கும். தெருவில் யாருக்கும் இது பெரிய விஷயமாகப் படவில்லை. பக்கத்துத் தெருக் கடையில் கார்டு இருக்கிறது, இங்கே ஜாஹிதா இருக்கிறாள், அவ்வளவுதான்.

கார்டு இல்லாமல் போனதற்குக் காரணம் அவள் கணவன் ரசாக். லேத் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவன், உக்கடத்தில் பழைய மெஷினும் ஒரேயொரு டிஸ்க்கும் வாங்கி வந்தபோது அந்தச் சின்னக் கார்டைக் கேட்டு வாங்க மறந்துவிட்டான். டிஸ்க்கில் இருந்தது கிரேக்கக் கதை. போர் முடிந்த கப்பல்காரன் ஒருவன் தீவு தீவாக அலைந்து ஊர் திரும்ப வேண்டும். ரசாக் சோறு தண்ணி இல்லாமல் ஆடி, அவனுடைய சொந்த ஊர்க் கரை தெரியும் இடம்வரை கொண்டுவந்த அன்றைக்குத்தான், சரக்குக் கப்பல் வேலைக்குக் கூப்பிட்டு ஆள் வந்தது. "மெஷின அணைச்சுப் போடாத ஜாஹிதா. சிங்கப்பூர்ல கார்டு வாங்கிட்டு ஆறே மாசத்துல வாரேன். அந்தக் கரைய நாந்தான் ஏறோணும்" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த வாரமே கரண்ட் போனது. கரண்ட் வந்ததும் ஜாஹிதா அழுதுகொண்டே, சமையலறை வாசலில் நின்று தான் பார்த்ததையெல்லாம் முதலிலிருந்து மெஷினிடம் சொன்னாள். சொல்லி முடித்தபோது திரையில் அதே கரை நின்றது.

அதைக் கேள்விப்பட்டுப் பையன்கள் காசு கொடுத்து ஆட வர, வீட்டு முன்னறை தானாகக் கடையானது. அவள் சொல்வதற்கு ஒரு முறை இருந்தது. கதையில் எப்போது விடிந்தாலும், "விடியறப்ப கடலு மஞ்சத்தண்ணியாட்டக் கெடந்துதுங்க" என்றே சொல்வாள். பார்க்காத எதையும் சேர்க்க மாட்டாள். சரவணம்பட்டிக் கல்லூரியில் இலக்கியம் நடத்தும் லோகப்பிரியா, தம்பி சாய்சரணை இழுத்துப் போக வந்தவள், மத்தியானம் முழுக்க அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். எழுத்து பரவாத காலத்தில் கிரேக்கப் பாடகர்கள் போரையும் கடல் பயணத்தையும் இப்படித்தான் வாயிலேயே வைத்திருந்தார்கள், கேட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள், விடியலுக்கு விடியல் அதே வரியைச் சொல்லி மூச்சு வாங்கிக்கொள்வார்கள் என்று அவள் விளக்கினாள். "பாவம், அவங்களும் கார்டு வாங்க மறந்து போட்டாங்களாட்ட இருக்குதுங்க" என்றாள் ஜாஹிதா.

கடைக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் ரசாக்கின் கப்பல்தான் வேண்டும். அவளும் கொடுத்தாள். ஆனால் எவனாவது கரையை நெருங்கினால், அடுத்த முறை சொல்லும்போது கப்பலை ஒரு தீவு பின்னால் நிறுத்திவிடுவாள். ஒருத்தனும் கண்டுபிடிக்கவில்லை. பள்ளிச் சீருடையில் வந்தவர்களுக்கு மீசை முளைத்து, ஐ.டி. வேலை கிடைத்து, கல்யாணமும் ஆனது. கப்பல் மட்டும் கடலிலேயே நின்றது. ரசாக்கும் அப்படித்தான். "கொச்சி வெளக்குத் தெரிஞ்சுது ஜாஹிதா, அதுக்குள்ள காத்துத் திரும்பிப் போட்டுது" என்று போன் செய்வான். கப்பல் வேலை என்றால் அப்படித்தான் என்று தெருவே அவளைத் தேற்றியது.

போன வருடம் ஒரு சனிக்கிழமை, சாய்சரணுக்காகக் கப்பலைப் பின்னால் தள்ளிச் சொல்லி அவள் வாயை மூடவில்லை, போன் அடித்தது. இப்போதுதான், இந்த நிமிஷம்தான் கப்பல் திரும்பியது என்றான் ரசாக். அவனுக்காகக் கரையைக் காப்பதாக நினைத்து, இத்தனை வருடமும் அவனைக் கடலுக்குள் தள்ளியது தன் வாய்தான் என்று ஜாஹிதாவுக்கு அப்போது புரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார்ந்து, கப்பலைக் கரைவரை சொன்னாள்.

"அதுக்கப்புறம் யாருமே பாத்ததில்லீங்களேக்கா" என்றான் சாய்சரண்.

"பாக்காட்டி என்ன கண்ணு. சொல்லிப் போடறேன்."

கப்பல்காரன் முழங்கால் தண்ணீரில் இறங்கினான் என்றாள். செருப்பைக் கையில் பிடித்தபடி மணலேறி, உக்கடம் மீன் மார்க்கெட்டைத் தாண்டி, பெரியகுளத்தைச் சுற்றி, பேக்கரியில் ஒரு டீ குடித்துவிட்டு, பள்ளிவாசல் சந்தில் திரும்பினான் என்றாள். கதவு திறந்தே கிடந்தது என்று முடித்தாள். மெஷின் அத்தனையையும் காட்டியது, பேக்கரி போர்டில் மட்டும் கிரேக்க எழுத்து இருந்தது.

பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு சொல்லும்போது ரசாக் வந்தான். தலை நரைத்திருந்தது, பேன்ட் முழங்கால்வரை நனைந்திருந்தது, செருப்பு கையில் இருந்தது. கோயமுத்தூருக்குக் கடல் ஏது என்று யாரும் கேட்கவில்லை. பேக்கரிக்காரர், டீ குடித்துவிட்டுத்தான் போனார் என்று மட்டும் சொன்னார். ரசாக் சட்டைப் பையிலிருந்து மெமரி கார்டை எடுத்து மெஷின் மேல் வைத்தான்.

"என்ற ஆட்டம் எங்க நிக்குது?"

"முடிஞ்சு போச்சுங்க. நானே கரையேத்தி உட்டுட்டனுங்க."

அவன் முகம் ஒரு கணம் வாடியது. பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். "அப்ப மொதல்லருந்து சொல்லு. கேக்கறேன்."

ஜாஹிதா போர் முடிந்த நாளிலிருந்து ஆரம்பித்தாள். கதையில் விடியல் வந்தபோது கடையில் இருந்த எல்லோரும் அந்த வரியைக் கூடவே சொன்னார்கள். ரசாக்கின் பேன்ட்டிலிருந்து சொட்டிய தண்ணீரைச் சாய்சரண் துணி போட்டுத் துடைத்தான். உப்புத்தண்ணீர் தேங்கினால் சிமெண்ட் தரை பொரிந்துவிடும்.