செங்கோட்டை வண்டியில் நான்கு தடவை

கோவிந்தராஜ் இறந்து காரியங்கள் முடிந்ததும் இந்திராணிக்கு முன்னால் வந்து நின்ற முதல் கேள்வி, பின்னறையை அடைத்துக்கொண்டிருக்கும் ரயிலை என்ன செய்வது என்பதுதான்.

பிள்ளைகளா, இந்தத் தீவுகளில் ஆட்கள் ஏறிப் போகும் ரயில் கிடையாது. கப்பல் உண்டு, விமானம் உண்டு, ஆளை உலுக்கி எடுக்கும் பஸ் உண்டு. அதனால்தானோ என்னவோ, அரசாங்க எலக்ட்ரீஷியனான கோவிந்தராஜ், ஜங்லிகாட் குவார்ட்டர்ஸில் தனக்குக் கிடைத்த இரண்டு அறைகளில் ஒன்றை ரயிலுக்கே கொடுத்துவிட்டார். மூன்று பெரிய பலகைகளை போல்ட் போட்டு இணைத்து, எழும்பூரிலிருந்து அவருடைய சொந்த ஊரான செங்கோட்டை வரை ஒரு பாதை. தெர்மகோலில் மலை, விரல் நகம் அளவுக்கு சிக்னல் விளக்கு, ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் மஞ்சள் அட்டையில் பெயர். மகன் கௌதம் இருபத்துநான்கு வயது வரைக்கும் ஹாலில்தான் படுத்தான்.

இந்திராணி தெற்கே கட்சால் தீவில் பிறந்தவள். சிலோனிலிருந்து அனுப்பப்பட்டு, ரப்பர் தோட்டத்தில் பால் வெட்ட வந்த குடும்பம். கடலுக்கு அக்கரையில் இருக்கும் மெயின்லேண்டை அவள் மிதித்ததே இல்லை. ஆனால் அந்தப் பாதை அவளுக்கு மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிந்தராஜ் வண்டியை ஓட்டிக்கொண்டே "அடுத்தது?" என்பார். இவள் கரண்டியும் கையுமாக வாசற்படியில் நின்று ஸ்டேஷன் பெயரைச் சொல்வாள்.

அரசாங்க ஊழியருக்கும் குடும்பத்துக்கும் சொந்த ஊர் போய்வர அரசாங்கமே டிக்கெட் காசு தரும் பயணச் சலுகை உண்டு, எல்.டி.சி. என்பார்கள். கோவிந்தராஜ் நான்கு தடவை எடுத்தார். நான்கு தடவையும் "இந்த வாட்டி நீயும்தான்" என்று ஆரம்பிப்பார். கடைசியில் கப்பலில் ஒரு டிக்கெட்தான் கிடைத்தது என்பார், இல்லாவிட்டால் வீட்டைப் பூட்டிப் போட்டுப் போக முடியாது என்பார். தனியாகப் போய், திரும்பும்போது அந்த ரயிலில் கோக்க ஒரு புதுப் பெட்டி வாங்கி வருவார். இவளும் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, மூன்றாம் நாள் அந்தப் பெட்டியைப் பழைய பனியன் துணியால் துடைத்து வைப்பாள். அவ்வளவுதான் அவளுடைய கோபம்.

இப்போது குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும்.

"பழைய சாமான் எடுக்கிற கபாடிவாலாவக் கூப்பிட்டு அள்ளிட்டுப் போகச் சொல்லிடலாம்மா" என்றான் கௌதம்.

"அப்ப என்னையும் சேத்து அள்ளச் சொல்லு. அது உங்கப்பா உசிருடா."

"உசிரு இங்க இருந்தா, அவரு ஏன் அடிக்கடி மெயின்லேண்ட் ஓடினாரு?"

"வாய மூடு."

ஒரு பலகையையும் பிரித்துக் கொடுக்க மாட்டேன், முழுசாகத்தான் போகும் என்று நின்றாள். விசாரித்து விசாரித்து, சிப்பிகாட் பள்ளிக்கூடத்து வைஜெயந்தி டீச்சரைப் பிடித்தாள். டீச்சர் மதுரைக்காரி. "எங்க பிள்ளைங்க ரயில போன்லதான் பாத்திருக்கு ஆன்ட்டி. சனிக்கிழமை வண்டியோட வரேன்" என்று சொல்லிவிட்டாள்.

வியாழக்கிழமை ஆபீஸிலிருந்து அழைப்பு வந்தது. குடும்ப பென்ஷனும், கௌதமுக்கு அப்பாவின் இடத்தில் வேலை கேட்டுப் போட்ட மனுவும் ஒரே கோப்பில் இருந்தன. அந்தக் கோப்பு நின்றுவிட்டது. அதிகாரி இராமகிருஷ்ணன் நேரில் விசாரிக்க வேண்டுமாம்.

வராந்தாவில் காத்திருந்தபோது கௌதம் அவள் முழங்கையைப் பிடித்தான்.

"அம்மா, உள்ள போனதும் ரயில்ல போனியான்னு கேப்பாங்க. போனேன்னு சொல்லு. நாலு தடவை."

"எங்கடா போனேன்?"

"பேப்பர்ல போயிருக்க. அப்பா ரெண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்து, உன்னோடதக் கேன்சல் பண்ணிடுவாரு. அதுலதான் அந்தப் பெட்டிங்க. ஆபீஸ்ல ரெண்டு பேரும் போனதாத்தான் எழுதிக் குடுத்திருக்காரு. நிறைய பேரு பண்றதுதாம்மா."

இந்திராணி அவனைப் பார்த்தாள். "உனக்கு எப்பத் தெரியும்?"

அவன் சுவரில் ஒட்டியிருந்த கப்பல் அட்டவணையைப் படிக்க ஆரம்பித்தான்.

"டேய், உனக்கு எப்பத் தெரியும்?"

"பத்தாவது படிக்கிறப்ப. சொல்லாதேன்னாரு."

அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

இராமகிருஷ்ணன் தீவுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாதவர், நிதானமான மனிதர். "உட்காருங்கம்மா. நீங்க இந்தத் தீவுகள விட்டே போனதில்லன்னு ஒரு மொட்டைக் கடுதாசி வந்திருக்கு. பேர் போடல. பக்கத்துல இருக்கிறவங்க யாரோ எழுதின மாதிரி இருக்கு. நீங்க செங்கோட்டைக்குப் போனீங்களா?"

கௌதமின் செருப்பு மேசைக்கு அடியில் அவள் காலைத் தொட்டது.

"போனேன் சார்."

"விருதுநகர் தாண்டினா என்ன வரும்?"

"திருத்தங்கல். சிவகாசி. ஸ்ரீவில்லிபுத்தூர். ராஜபாளையம்."

"அப்புறம்?"

"சங்கரன்கோவில்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம ஊரு! மலை எந்தப் பக்கம் தெரியும்?"

"போகும்போது வலது கைப் பக்கம். வரும்போது இடது."

"கரெக்ட். அச்சா, போதும்மா. அந்தக் கடுதாசி எழுதினவன்தான் ரயில்லயே போகாதவனா இருப்பான்." சிரித்துக்கொண்டே நான்கு தாள்களைத் தள்ளினார். "ஒவ்வொண்ணுலயும், நான் போனேன்னு கையெழுத்து."

முதலிரண்டையும் போட்டாள். மூன்றாவது தாளில் தேதியைப் பார்த்ததும் பேனா நின்றது. இரண்டாயிரத்துப் பதினான்கு ஜூன் ஒன்பது முதல் இருபத்தெட்டு வரை.

அந்த ஜூன் பதினாறாம் தேதிதான் அவளுடைய அப்பா கட்சாலில் செத்துப்போனார். சுனாமி அலைக்கே தப்பி, தென்னை மரத்தைக் கட்டிக்கொண்டு ஒரு ராத்திரி முழுக்க நின்ற மனிதர். முடியாமல் கிடக்கிறார் என்று சேதி கேட்டு, கௌதமை இழுத்துக்கொண்டு தீவுக் கப்பலில் வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு போனாள். உயிர் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தாள். அவர் வாயில் கடைசியாகப் பால் விட்டது அவள் கைதான். கோவிந்தராஜ் அப்போது மெயின்லேண்டில் இருந்தார்.

அந்த நாளில் அவள் செங்கோட்டையில் இருந்ததாகத் தாள் சொன்னது.

"என்னம்மா, ஏதாவது சந்தேகமா?"

"இந்தத் தேதி..." என்றாள்.

கௌதமின் செருப்பு இப்போது காலைத் தொடவில்லை, மிதித்தது.

பிள்ளைகளா, அவளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். வீடு போகப்போகிறது, மகனுக்கு வேலை இல்லை. மூன்றாவதிலும் போட்டாள், நான்காவதிலும் போட்டாள்.

வெளியே வந்ததும் கௌதம் மெதுவாகச் சொன்னான்: "தாத்தா ஒண்ணும் கோச்சுக்க மாட்டாரும்மா."

"செத்தவர் எப்படிடா கோச்சுக்குவார்? அதனாலதான் அப்பனும் மகனும் தைரியமா இந்தப் பொய்ய அவர் தலையில வச்சுட்டீங்க."

வீட்டுக்கு வந்ததும் நேராகப் பின்னறைக்குப் போனாள். இத்தனை நாள் துடைத்துத் துடைத்து வைத்த நான்கு பெட்டிகளும் எழும்பூரில் வரிசையாக நின்றன. மூன்றாவதைக் கையில் எடுத்தாள். எடை இல்லவே இல்லை.

"உடைச்சுப் போடு எல்லாத்தையும்" என்றாள். "நீ அன்னிக்குச் சொன்னதுதான் சரி. கபாடிவாலாவக் கூப்பிடு."

இப்போது கௌதம் தயங்கினான். "இப்ப உடைச்சா ஏன்னு கேப்பாங்கம்மா. கடுதாசி போட்டவன் எதிர் பிளாக்லயே இருக்கலாம். ஆசையா ஸ்கூலுக்குக் குடுத்த மாதிரியே இருக்கட்டும்."

அந்த ரயிலை உடைக்கும் உரிமைகூட அவளுக்கு இல்லாமல் போயிற்று. பிடித்தமில்லாமல் அதைக் கொடுக்கிறாள் என்றுகூட யாருக்கும் தெரியக் கூடாது.

சனிக்கிழமை காலை பிக்கப் வண்டி வந்தது. டீச்சரோடு நாலைந்து பிள்ளைகளும் வந்து குதித்தார்கள். கௌதம் போல்ட்டுகளைக் கழற்றினான். பலகைகள் ஒவ்வொன்றாக வாசலுக்கு வந்தன. எதிர் பிளாக்கில் மூன்று வராந்தாக்களிலும் ஆட்கள் நின்று பார்த்தார்கள். ஒருத்தி துணி காயப் போடுவதுபோல ஒரே துண்டை மூன்று தடவை உதறினாள்.

அல்மாஸ் என்றொரு பொடிப்பெண், சிப்பிகாட் கடைக்காரர் மகள், இந்திராணியின் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, நீங்க நிஜ ரயில்ல போயிருக்கீங்களா?"

கௌதம் ஸ்பானரோடு நிமிர்ந்தான். எதிர் வராந்தாவில் துண்டு உதறுவதும் நின்றது.

"போயிருக்கேன்மா" என்றாள் இந்திராணி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "நாலு தடவை."

"அரே வா! நாலு தடவையா! கப்பல் மாதிரி ஆடுமா ஆன்ட்டி?"

ரயிலைப் பற்றி இதை அவளிடம் யாரும் கேட்டதில்லை. அவளும் கோவிந்தராஜைக் கேட்டதில்லை. பலகையில் அந்த வண்டி கோடு போட்டதுபோலப் போகும், கோடு போட்டதுபோலவே வரும்.

"ஆடாது" என்றாள்.

வைஜெயந்தி டீச்சர் சிரித்துவிட்டாள். "என்ன ஆன்ட்டி இப்படிச் சொல்றீங்க? ராத்திரி பூரா தூளியில போட்டு ஆட்டற மாதிரி ஆட்டும். டீ குடிக்கப் போனா சட்டையெல்லாம் டீ..." சொல்லிக்கொண்டே இந்திராணியின் முகத்தைப் பார்த்தாள். பாதியில் நிறுத்தினாள்.

அல்மாஸ் விடவில்லை. "டீச்சர் ஆடும்னு சொல்றாங்க. நீங்க ஆடாதுங்கறீங்க. எது நிஜம்?"

இந்திராணி குழந்தையின் தலையில் கை வைத்தாள். எதிர் வராந்தாவை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"டீச்சர் சொல்றதுதாம்மா நிஜம்" என்றாள். "நான் போனப்ப ஆடல."