லாரியின் முதுகில் இரண்டு தட்டு

விடிகிற நேரத்தில் காய்கறிச் சந்தையின் பின்தெருவில் மூச்சு விடுவதே ஒரு வேலை. முந்தின நாள் முட்டைக்கோஸ் இலையும் அழுகிய தக்காளியும் மீன் செதிலும் ஒன்றாகப் புளித்து, மூக்கைத் தாண்டி நேரே தொண்டையில் வந்து உட்காரும். அந்தத் தெருவில்தான் நெட்டை குப்பைத் தொட்டிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். இடுப்புயரத் தொட்டியைத் தொடையில் முட்டுக்கொடுத்து, ஒரே உந்தில் லாரியின் வாய்க்குள் சாய்ப்பாள். சாறு முழங்கை வழியாக ஒழுகும். அந்த உயரத்துக்காக வைத்த பெயர்தான் நெட்டை. அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை.

லாரி ஓட்டுநர் தன் இருக்கையில் உட்கார்ந்தபடி காதைப் பின்பக்கம் வைத்திருந்தான். குப்பையை அழுத்தும் இரும்புத் தகட்டை இறக்குகிற லீவர் அவன் கையருகே இருந்தது. பின்னால் நிற்பவர் சைகை கொடுக்க ஒரு மணி உண்டு. அது மழைக்காலத்திலேயே செத்துவிட்டது. மேஸ்திரியிடம் சொன்னார்கள். மேஸ்திரி முதலாளியிடம் சொன்னார். "தேர்தல் முடியட்டும்" என்றார் முதலாளி. வேறு வழியில்லாமல் தொழிலாளிகளே ஒரு பாஷை உண்டாக்கிக்கொண்டார்கள். லாரியின் தகரத்தில் ஒரு தட்டு தட்டினால் பொறு. இரண்டு தட்டினால் தகட்டை இறக்கு.

"மாமா, தூங்கிடாதே! அப்புறம் குப்பையோட உன்னையும் அள்ளிப் போட்டுருவேன்" என்று கத்தினாள் நெட்டை. அவள் அவனுடைய மனைவியின் தங்கை. கிண்டலுக்கு உரிமை உள்ளவள்.

"முதல்ல தொட்டியை அள்ளு, வாயாடி."

அப்போதுதான் தெருமுனையில் ஊர்வலம் திரும்பியது. நகரின் குப்பை ஒப்பந்தம் எடுத்திருந்த முதலாளி, நகரமன்றத் தேர்தலில் வேட்பாளராகவும் நின்றார். சந்தையில் கூட்டம் சேருமுன் வியாபாரிகள் எல்லோரிடமும் கைகுலுக்கிவிட வேண்டுமென்று கிளம்பி வந்திருந்தார். முன்னால் டிரம் அடிக்கிறவர்கள், பின்னால் ஒலிபெருக்கி கட்டிய வேன். "சுத்தமான நகரம் வேண்டுமா? சிந்தித்து வாக்களிப்பீர்!"

லாரியின் வாய்க்குள் ஒரு மரப்பெட்டி குறுக்கே சிக்கிக்கொண்டது. நெட்டை கையை விட்டு அதை இழுத்தாள். தம், தம் என்று இரண்டு அடி தகரத்தில் அதிர்ந்தது. ஓட்டுநர் லீவரை இழுத்தான்.

டிரம் சத்தத்தையும் கிழித்துக்கொண்டு அலறல் வந்தபோதுதான், தட்டியது அவள் இல்லை, டிரம் என்று அவனுக்கு உறைத்தது. லீவரைத் திருப்பித் தள்ளிவிட்டு ஓடினான். அவளுடைய வலது கையை அவனால் பார்க்க முடியவில்லை. அவள் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்தார்கள். எப்படி நடந்தது என்று கேட்ட நர்சிடம், மேஸ்திரி முந்திக்கொண்டு, "வீட்டு இரும்புக் கதவுல மாட்டிக்கிச்சு" என்றார். பிறகு ஓட்டுநரின் தோளில் கைபோட்டு வெளியே அழைத்துப் போனார்.

"முதலாளி சொன்னதைச் சொல்றேன். வேலையில நடந்துச்சுன்னா விசாரணை வரும். வந்தா முதல் கேள்வியே, லீவரை இழுத்தது யாருன்னுதான். வீட்டுல நடந்துச்சுன்னா உனக்கும் நல்லது, அவருக்கும் நல்லது."

"அவளுக்கு?"

"ஜெயிச்சதும் ஏதாச்சும் பண்ணுவாரு."

வேலையில் அடிபட்டவளுக்குச் சிகிச்சையும், ஆறும்வரை சம்பளமும், ஆறியபின் அந்தக் கையால் செய்யக்கூடிய ஒரு வேலையும் உண்டு. வீட்டுக் கதவில் அடிபட்டவளுக்கு ஒன்றும் கிடையாது. இது ஓட்டுநருக்குத் தெரியும். தெரிந்தும் வீட்டுக்குப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்தான்.

"என் தங்கச்சி கை போச்சு. நீ பிடிச்சு வெச்ச பிள்ளையார் மாதிரி உக்காந்திருக்கே" என்றாள் மனைவி.

"சொன்னா நான் உள்ள போவேன்டி."

"நீ மட்டுமா இழுத்தே? மணியை ரிப்பேர் பண்ணாதவன் கையும் அந்த லீவர்லதான் இருந்துச்சு."

நெட்டை வீடு திரும்பிய மாலையில், தொழிலாளர் குடியிருப்புக்கு வேட்பாளர்கள் வந்தார்கள். முதலில் எதிரணிக்காரர், மருந்துக்கடை வைத்திருப்பவர். மாடிப்படியில் உட்கார்ந்திருந்த நெட்டையிடம் குனிந்து, "கட்டுப் போட்ட கையைக் கொஞ்சம் தூக்கும்மா, ஒரு போட்டோ" என்றார்.

தெருப் பெருக்குகிற பெரியக்கா அவருக்கும் நெட்டைக்கும் நடுவே வந்து நின்றாள். "கையைக் காட்டி ஓட்டு கேக்கணும்னா, உங்க கையைக் காட்டிக் கேளுங்க."

மருந்துக்கடைக்காரர் செல்போனைத் தாழ்த்தினார். அதற்குள் முதலாளியின் காரும் வந்து நின்றது. இறங்கியவர் வரிசையாகக் கைகுலுக்கிக்கொண்டே படியேறினார். "எல்லாரும் நம்ம குடும்பம்! மறந்துடாதீங்க!" அதே வேகத்தில் நெட்டைக்கு முன்னாலும் கையை நீட்டினார். அவள் மடியில் வலது கை கட்டுத்துணி உருண்டையாகக் கிடந்தது. நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். "வீட்டுல கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கக் கூடாதாம்மா?" பிறகு, செல்போன் பிடித்தவருக்கும் கேட்கும்படி, "ஏம்ப்பா டிரைவர், கதவுல மாட்டினதுதானே?"

நெட்டை ஓட்டுநரைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. அதுதான் அவனைச் சுட்டது.

"இல்லைங்க முதலாளி. லாரியில. இழுத்தது நான்தான்."

முதலாளியின் சிரிப்பில் பல் மட்டும் மிஞ்சியது. "யோசிச்சுப் பேசு. போலீஸ் உன்னைத்தான் கூப்பிடும்."

"கூப்பிடட்டும். மணி செத்துக் கிடந்ததையும் சொல்லுவேன். உங்க டிரம்மு அடிச்சதையும் சொல்லுவேன்."

"மணியைப் பத்தி நானும் சொன்னேனே, மேஸ்திரிகிட்ட" என்றாள் பெரியக்கா.

"நானும்" என்றது மேல்படியில் ஒரு குரல். அதற்கும் மேலே இன்னொன்று. கைப்பிடிக் கம்பியைப் பிடித்து நின்றவர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள்.

"மிரட்டுறீங்களா? நாளைக்கே வேற ஆள் போட்டு வண்டியை எடுப்பேன்!"

"இப்பத்தானே குடும்பம்னீங்க? அதுக்குள்ள வேற ஆளா?" என்றாள் நெட்டை. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

முதலாளி விறுவிறுவென்று இறங்கிப் போய்க் காரில் உட்கார்ந்து கதவை அறைந்தார். மருந்துக்கடைக்காரர் முன்னால் வந்தார். "நான் ஜெயிச்சா முதல் வேலையா..."

"ஜெயிக்கிறதுக்கு முன்னால இங்க எங்களோட உக்காருங்க. மிச்சத்தை அப்புறம் பேசலாம்" என்றாள் பெரியக்கா. அவர் அழுக்குப் படியைப் பார்த்தார், தன் வெள்ளைக் கால்சட்டையைப் பார்த்தார். ஒரு போன் பேச வேண்டியிருந்தது, போய்விட்டார்.

ஓட்டுநர் நெட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். "என்னை மன்னிச்சிடு" என்று சொல்ல வந்தான்.

"பேசாதே மாமா. உன் மேல கோவம் அப்படியே இருக்கு. இது ஆறட்டும், இடது கையால ஒண்ணு வெக்கிறேன்."

"வை" என்றான். அவனுக்குக் கண் கலங்கியது.

அடுத்த லாரியின் ஓட்டுநர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அவள் மடியில் போட்டார். "வேலையில அடிபட்டதுன்னு முதலாளி ஆஸ்பத்திரியில மாத்திச் சொல்லணும். எல்லா வண்டிக்கும் மணி போடணும். அதுவரைக்கும் இது இங்கேயே இருக்கட்டும்." இன்னொரு சாவி விழுந்தது. ஓட்டுநர் தன்னுடையதையும் வைத்தான்.

"பயமா இருக்குக்கா" என்றது ஒரு குரல்.

"எனக்கும்தான். நெருங்கி உக்காரு" என்றாள் பெரியக்கா.

கீழே மேஸ்திரி வந்து நின்றார். "முதலாளி சாவியெல்லாம் கேக்குறாரு. வழி விடுங்க."

யாரும் அசையவில்லை. படியில் கால் வைக்க இடமில்லை. பெரியக்கா மட்டும் சற்று ஒதுங்கி, காலியான இடத்தைக் கையால் துடைத்துவிட்டாள்.

"நீயும் கூலிக்காரன்தானேய்யா. உக்காரு."

தெருவில் கார் ஹாரன் நீளமாக அலறியது. மேஸ்திரி திரும்பிப் பார்க்கவில்லை. துடைத்து வைத்த அந்த இடத்தையே பார்த்தபடி, ஒரு காலை முதல் படியில் வைத்து நின்றுகொண்டிருந்தார்.