பானுவுக்கு வந்த பார்சல்

ருக்குதான் முதலில் ஆரம்பித்தாள். ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே, ஏரியை ஒட்டிய அந்தக் குப்பத்தில் டிராப்ஷிப்பிங் என்ற பெயரை முதலில் சொன்னவளே அவள்தான். சரக்கு வாங்கி அடுக்க வேண்டாம், கடை வாடகை வேண்டாம். போனில் படம் போட வேண்டியது, ஆர்டர் வந்ததும் சூரத்திலிருக்கும் மொத்த வியாபாரிக்குத் தட்டிவிட வேண்டியது. அவர் நேராக வாங்குகிறவர் வீட்டுக்கே அனுப்பிவிடுவார். அவர் விலைக்கும் நாம் விற்கிற விலைக்கும் நடுவில் நிற்பது நமக்கு. புருஷன் வடிவேலு ஏரியில் இறால் பிடித்துக்கொண்டிருக்க, ருக்கு கவரிங் வளையலும் நைட்டியும் விற்றே வீட்டுக்கு ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கிப் போட்டாள்.

கொழுந்தன் பிரவீனுக்கு எளாவூர்ப் பெண் பானுப்ரியா வாழ்க்கைப்பட்டு வந்தாள். ஒரே வீடு, உலை மட்டும் தனித்தனி. பிரவீன் கும்மிடிப்பூண்டி கம்பெனிக்குப் போன பிறகு அவளுக்குப் பகலெல்லாம் சும்மாதான். பாவம், பொழுது போகட்டும் என்று ருக்குதான் அவளுக்குத் தொழிலைச் சொல்லிக்கொடுத்தாள்.

பானு உடனே எதையும் விற்கவில்லை. எதைக் காட்டினாலும் கேள்வி கேட்டாள். இது வழியில் உடையுமா, சைஸ் சரியில்லையென்று திரும்பி வருமா, வந்தால் செலவு யார் தலையில் விழும் என்றெல்லாம் கேட்பாள். ருக்குவுக்குச் சிரிப்புதான் வந்தது. அப்படியிருக்கும்போது ஒரு நாள் வடிவேலுவின் போன் படகிலிருந்து நழுவி ஏரிக்குள் விழுந்தது. ருக்கு அவனை வாரம் முழுக்கத் திட்டித் தீர்த்தாள். பானுவோ, கழுத்தில் மாட்டிக்கொள்கிற, தண்ணீர் புகாத போன் உறை ஒன்றை வரவழைத்தாள். உள்ளே காகிதத்தை மடித்து வைத்து, வாளித் தண்ணீரில் அமுக்கிப் போட்டு, மறுநாள் எடுத்துப் பார்த்தாள். காகிதம் நனையவில்லை. அதையே விற்கத் தொடங்கினாள்.

நாகப்பட்டினத்திலிருந்து படகுக்காரர்கள் கேட்டார்கள். கோயம்புத்தூரில் மழையில் பைக் ஓட்டுகிறவர்கள் கேட்டார்கள். குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிறவர்கள்கூடக் கேட்டார்கள்.

தண்ணீரில் விழுந்தது என் புருஷன் போன், காசு பார்க்கிறது இவளா? அதுதான் ருக்குவால் பொறுக்க முடியாமல் போயிற்று. வடிவேலு வேறு, நாலு பேர் முன்னால் அந்த உறையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, நம்ம பானு குடுத்தது என்று காட்டிக்கொண்டு திரிந்தான்.

ருக்குவும் போன் உறையை விற்பனைக்குப் போட்டாள். அதற்குள் ஊர்ப்பட்ட பேர் போட்டிருந்தார்கள். விலையைக் குறைக்க மட்டமான சரக்கைப் பிடித்தாள். அது ஒழுகியது, பாதி திரும்பி வந்தது. பானு மீன் செதில் சுரண்டியில் இறங்கினாள்; ருக்குவும் பின்னாலேயே இறங்கி அதே மாதிரி அடிவாங்கினாள். ஒரு நாள் வெட்கத்தை விட்டு, நீ எதை வைத்துப் பொருளைப் பிடிக்கிறாய் என்று கேட்டேவிட்டாள். பானு ஒளிக்காமல்தான் சொன்னாள். அழகாயிருக்கிறதா என்று பார்க்க மாட்டாளாம். அது இல்லாமல் யார் அவதிப்படுகிறார்கள் என்று பார்ப்பாளாம். பக்கத்துக் கடையில் கிடைக்கிறதை விட்டுவிடுவாளாம். எடை குறைவாக, உடையாததாக எடுத்து, தானே ஒன்று வாங்கிப் பழகிப் பார்த்துவிட்டுத்தான் போடுவாளாம்.

இவ்வளவுதானா என்று ருக்கு நினைத்தாள். இதற்கு மேல் ஏதோ இருக்கிறது, இவள் மறைக்கிறாள் என்று முடிவுகட்டினாள். அன்று முதல் பானு சிரித்தாலும் சந்தேகம், சும்மா இருந்தாலும் சந்தேகம்.

சித்திரை வெயிலில் பானு நைனா என்று கூப்பிடுகிற அவள் அப்பாவுக்குக் காய்ச்சல் என்று சேதி வர, அவள் எளாவூருக்குப் போனாள். அவள் போன மறுநாளே அவள் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. ருக்கு கையெழுத்துப் போட்டு வாங்கினாள். அலமாரி மேல் வைத்தாள். எடுத்துக் குலுக்கிப் பார்த்தாள். மறுபடி வைத்தாள். சோறு வடித்த கையோடு, ஒட்டியிருந்த டேப்பைக் கத்தி நுனியால் மெல்ல நெம்பிவிட்டாள்.

உள்ளே கழுத்தில் மாட்டிக்கொள்ளும் சின்ன ஃபேன். சார்ஜ் போட்டால் ஓடும்.

அடுத்து இவள் விற்கப்போவது இதுதான் என்று ருக்குவுக்குப் பட்டது. கழுத்தில் மாட்டிப் பார்த்தாள். அப்படியே அடுப்படிக்குப் போய் மீன் குழம்பைக் கிளறினாள். மேலே ஃபேன் போட்டால் கேஸ் அடுப்பு அணைந்துவிடும் என்பதால், கல்யாணமான நாளிலிருந்து வேர்வையில் நனைந்தே சமைத்தவள் அவள். இன்று தழல் ஆடவில்லை. முகத்தில் மட்டும் காற்று வந்தது. போனை மசாலா டப்பா மேல் சாய்த்து வைத்து, நெற்றி மயிர் பறக்க, குழம்பு கொதிக்க, தன்னையே வீடியோ எடுத்தாள். அன்றைக்கே சூரத்தில் ஆளைப் பிடித்து, வீடியோவை இன்ஸ்டாவில் ஏற்றினாள். ஃபேனைப் பெட்டிக்குள் வைத்து முன்போலவே மூடி ஒட்டிவிட்டாள்.

ஆர்டர் கொட்டியது. மதுரை, சேலம், திருச்சி என்று அத்தனையும் அடுப்படிப் பெண்கள். ருக்கு தரையில் கால் பாவாமல் நடந்தாள். பானு திரும்பி வந்து பார்க்கட்டும், அவள் முகம் கறுப்பதைக் கண்ணாரப் பார்க்க வேண்டும் என்று காத்திருந்தாள்.

பானு வந்தாள். பார்சலைக் கையில் எடுத்து, டேப்பை விரலால் தடவினாள். வீடியோவை அவள் எளாவூரிலேயே பார்த்திருந்தாள்.

"இதைப் பிரிச்சியாக்கா?"

"ஆமா," என்றாள் ருக்கு. மறைக்கத் தோன்றவில்லை. "நீ போடறதுக்கு முன்னாடி நான் போட்டுட்டேன். இப்ப இன்னாங்கிற?"

"நான் எங்கக்கா போடப்போறேன்? நைனா நாளெல்லாம் டீக்கடை பாய்லர்கிட்ட நிக்கறாரு. அவருக்குனு வாங்கனது. விக்கலாம்னு எனக்குத் தோணவே இல்ல."

ருக்குவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இத்தனை நாளும் தனியாக ஓடிவிட்டு, முந்திவிட்டேன் முந்திவிட்டேன் என்று கூவியிருக்கிறாள். ஆனால் பானு அப்படியே நின்றுகொண்டிருந்தாள். ருக்குவின் போனில் ஓடிக்கொண்டிருந்த அந்த வீடியோவை விட்டு அவள் கண் நகரவில்லை. உதட்டை உள்ளுக்குள் மடித்துக் கடித்தாள். அந்த முகம் ருக்குவுக்கு நன்றாகத் தெரிந்த முகம். தினமும் கண்ணாடியில் பார்த்த முகம்தான். அன்று ருக்கு இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

அந்த வாரமே பானுவும் கழுத்து ஃபேன் போட்டாள், விலை குறைத்து. ருக்கு பார்த்துவிட்டு நேரே அவள் அறைக்குப் போய், இது நியாயமா என்று கேட்டாள்.

"என் பார்சலை நீ பிரிச்ச. உன் வீடியோவ நான் பார்த்தேன். இதுல எது நியாயம், சொல்லு."

ருக்கு விலையை இறக்கினாள். பானு அதற்குக் கீழே இறக்கினாள். ஒரே வீட்டுக்குள், ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து இருவரும் இறக்கிக்கொண்டே போனார்கள். கடைசியில் ஆர்டர் வந்தால் பயப்படுகிற நிலைமை. கூரியர் செலவுக்கே கையிலிருந்து போட வேண்டியிருந்தது. பேச்சும் நின்றுபோயிற்று.

பானுதான் முதலில் வந்தாள். வாசலில் நின்றபடியே, ஃபேனை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டதாகச் சொன்னாள். ருக்கு நம்பாமல் போனைத் திறந்து பார்த்தாள்; எடுத்துதான் இருந்தாள்.

"அடுப்படில நிக்கற பொம்பளைங்களுக்குனு நான் யோசிக்கல. நீ யோசிச்ச," என்றாள் பானு. "ராத்திரியெல்லாம் அதான் எரிஞ்சிது."

ருக்கு போனை மூடிக் கீழே வைத்தாள். பிறகு, "எனக்கு நீ வந்த வருசத்துலேர்ந்தே எரியுது," என்றாள்.

"தெரியும்க்கா."

சமாதானம் என்று யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் ஒருத்தி போட்டதை மற்றவள் போடுவதில்லை என்று ஆயிற்று. பானு அடுத்ததாகச் சேற்றில் வழுக்காத ரப்பர் காலுறையைப் பிடித்திருந்தாள், ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவுகிற பெண்களின் காலைக் கிளிஞ்சல் கிழிக்காமலிருக்க. அவளுக்கு வீடியோ எடுக்க வரவில்லை. எடுத்ததெல்லாம் போலீஸ் ஸ்டேஷன் போட்டோ மாதிரி இருந்தது. தயங்கித் தயங்கி ருக்குவைக் கேட்டாள்.

மறுநாள் காலை இரண்டு பேரும் ஏரிக்கரைக்குப் போனார்கள். பானு முழங்கால் தண்ணீரில் நின்று, காலைத் தூக்கிக் காட்டினாள். இதற்கு எவ்வளவு ஆர்டர் வரும் என்று ருக்குவின் மனசு கணக்குப் போட்டது. நம்ம ஃபேனுக்கு வந்ததைவிட ஒன்றாவது குறைய வரட்டும் என்று வேண்டிக்கொண்டது. வேண்டிக்கொண்டே, வெயில் முகத்தில் அடிக்காதபடி பானுவைக் கொஞ்சம் திரும்பி நிற்கச் சொல்லி, இன்னொரு தடவை எடுத்தாள்.