தட்டிப் பார்த்த பாலம்

பாலத்தின் மூன்றாவது தூணை ட்ரோன் சுத்தியலால் தட்டியபோது, அதைக் கட்டிய ஒப்பந்தக்காரருக்கு வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் விலா எலும்பு முறிந்தது. நான்காவது தூணுக்குத் தோள் இறங்கியது. ஐந்தாவதற்குப் பல்லும் ரத்தமும் தட்டில் விழுந்தன. டாக்டர் கட்டுப் போட்டார். பாலம் கட்டுகிறவர்களுக்கு இது வருவதுண்டு என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ட்ரோனை ஓட்டியவள் அவருடைய கூடப்பிறந்த தங்கை. ஆள் ஏற முடியாத அடிப்பகுதிக்கு அதை அனுப்பி, அதன் மூக்கிலிருந்த சின்னச் சுத்தியலால் கான்கிரீட்டைத் தட்டி, சத்தத்தை ஹெட்போனில் கேட்பது அவள் வேலை. கெட்டியான இடம் கணீரென்னும். பொக்கான இடம் தொப்பென்னும். ஆய்வு என்று கேள்விப்பட்டதுமே அண்ணன் விரிசல்களுக்கெல்லாம் சிமெண்டு பூசி மறைத்துவிட்டார். முன்பெல்லாம் அதிகாரிகள் கரையில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்தப் பழக்கதோஷம்.

விஷயம் புரிந்ததும் அவர் கட்டோடு கரைக்கு வந்து, தரையிறங்கிய ட்ரோனைக் கம்பியால் அடித்து நொறுக்கினார். தடுக்கப்போன தங்கைக்குக் கை ஒடிந்தது.

"உன்னத் தூக்கி வளத்தவன் நான். எல்லாம் கெட்டின்னு சொல்லிட்டுப் போயேன். உனக்கு என்ன கொறஞ்சுடும்?"

"மேல பஸ் போகுதுண்ணே."

"நீ தட்டுனா நான் செத்துருவேன்."

"தெரியும்ணே."

அவளுக்கு அண்ணன் என்றால் உயிர். அழுதுகொண்டேதான் மாற்று ட்ரோனை எடுத்தாள், ஒற்றைக் கையால் ஓட்டினாள், மிச்சத் தூண்களையும் தட்டினாள். ஒவ்வொரு தட்டுக்கும் அவர் மணலில் புரண்டார். முட்டி பிளந்தது, காது வழியே ரத்தம் வந்தது, முதுகு படீரென்று விட்டது. உயிர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவதிலிருந்து அத்தனை தூணும் பொக்கு. உள்ளதை உள்ளபடி நெடுஞ்சாலை இலாகாவுக்குச் சொன்னாள்.

அன்றைக்கே பாலத்தில் பஸ், லாரிகளை நிறுத்தி, சின்ன வண்டிகளை மட்டும் விட்டார்கள். வெடி வைத்துத் தகர்ப்பதென்று முடிவெடுத்த இலாகா அதற்கப்புறம் இரண்டு வருடம் இழுத்தடித்தது. அந்த இரண்டு வருடமும் படுக்கையில் கிடந்த அண்ணனுக்குத் தங்கைதான் ஊட்டினாள். ஊட்டிய கையை அவர் முதலில் கடித்தார், பிறகு கடிப்பதை விட்டார். நாள் குறித்தாயிற்றா என்று மட்டும் தினமும் கேட்டார்.

குறித்த நாளன்று அவளே சவ வண்டிக்குப் போன் செய்து, வெடி சத்தம் கேட்டதும் கிளம்பி வரச் சொன்னாள். டிரைவர் கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப பாலம் இருக்காதேம்மா. சுத்தித்தான் வரணும், லேட்டாகும்."

லேட்டானால் பரவாயில்லை என்றாள்.